பாலைவனத் தேசியப் பூங்காக்களுக்கு வழிகாட்டியோடு சாலைப் பயணம்: எதைப் பார்த்து டூரைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி சுருக்கமாக இது. அக்டோபரில் பத்து நாள் விடுமுறை. ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மா (இருவருக்கும் அறுபதுக்கு மேல்), நீங்கள், உங்கள் மனைவி, பத்து வயது மகள் என்று மொத்தம் ஐந்து பேர். லாஸ் வேகஸில் தொடங்கி அமெரிக்கத் தென்மேற்கின் பாலைவனத் தேசியப் பூங்காக்களைப் பார்க்க வேண்டும். கைடு உள்ள டூரில் போவதா, வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டுவதா? டூர் என்றால் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தப் பகுதியில் பல ஆண்டுகளாகக் குடும்பங்களையும் சிறு குழுக்களையும் அழைத்துப் போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ஐந்து பேருக்கும் கைடோடு போவதே நல்லது. ஆனால் டூர் விளம்பரத்தில் எத்தனை பூங்கா, எத்தனை வியூ பாயிண்ட் என்று எண்ணாதீர்கள். ஒவ்வொரு இரவும் எந்த ஊரில் தங்க வைக்கிறார்கள் என்று மட்டும் முதலில் பாருங்கள். அந்த ஒரு விவரத்திலேயே டூர் நல்லதா இல்லையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

காரணம் இருக்கிறது. பாலைவனத்தில் நாளின் நல்ல நேரம் இரண்டுதான்: விடிவதற்குச் சற்று முன்பிருந்து காலை ஒன்பது மணி வரை, அப்புறம் மாலை நான்கு மணியிலிருந்து இருட்டும் வரை. நடுவே உள்ள நேரத்தில் வெயில் நேர் மேலே நிற்கிறது. பாறையின் மடிப்பும் நிறமும் வெளுத்துப்போய்த் தட்டையாகத் தெரிகின்றன, விலங்குகள் வளைக்குள் போய்விடுகின்றன, கூட்டமும் அப்போதுதான் அதிகம். லாஸ் வேகஸிலிருந்து சயான் பூங்கா சுமார் 160 மைல். சாலையில் இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழையும்போது கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ள வேண்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்பும் பஸ் சயானைத் தொடும்போது அங்கே மணி பதினொன்று. மூன்று, நான்கு மணிக்கெல்லாம் திரும்பக் கூப்பிடுவார்கள். பாறைகள் சிவக்கத் தொடங்கும் நேரத்தில் நீங்கள் நெடுஞ்சாலையில் இருப்பீர்கள். ஒரே நாளில் சயானும் பிரைஸ் கேன்யனும் காட்டுகிற டூர்களும் உண்டு. லாஸ் வேகஸிலிருந்து பிரைஸுக்குப் போக மட்டுமே நான்கு மணி நேரம் என்றால், அந்த நாளை எங்கே கழிப்பீர்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இரவும் கணக்கில் உண்டு. டெத் வேலி, சயான், பிரைஸ் கேன்யன், கேபிடல் ரீஃப், ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் ஆகிய ஆறு பூங்காக்களுமே சர்வதேச இருள் வான் பூங்கா என்ற அங்கீகாரம் பெற்றவை. நிலவில்லாத இரவில் அங்கே பால்வீதி ஒரு கரையிலிருந்து மறு கரை வரை தெளிவாகத் தெரியும். உங்கள் மகள் இதுவரை பார்த்த வானத்தில் அவ்வளவு நட்சத்திரங்கள் இருந்திருக்காது. லாஸ் வேகஸ் ஹோட்டலில் தூங்குகிறவர்களுக்கு இது கிடைக்காது. தேதியை இன்னும் முடிவு செய்யவில்லை என்றால் அமாவாசையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பத்து நாளை எப்படிப் பிரிப்பது? நானாக இருந்தால் டெத் வேலியில் இரண்டு இரவு, சயானுக்கு வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேலில் இரண்டு, பிரைஸில் ஒன்று, கேபிடல் ரீஃப் பக்கத்து டோரியில் ஒன்று, ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பக்கத்து ஊரான மோவாபில் மூன்று என்று போட்டு, மோவாபிலிருந்து நான்கு மணி நேரத்தில் உள்ள சால்ட் லேக் சிட்டியில் விமானம் ஏற்றிவிடுவேன். தொடங்கிய ஊருக்கே திரும்பி வந்தால்தான் டூர் என்று எண்ண வேண்டாம். லாஸ் வேகஸுக்குத் திரும்பும் ஒரு முழு நாள் அப்படியே மிச்சம்.

டெத் வேலி என்றதும் அப்பா, அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்ற கவலை வரும். ஜூலையில் நிச்சயம் ஒத்துக்கொள்ளாது. அந்த மாதத்தின் சராசரிப் பகல் வெப்பமே 47 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 1913 ஜூலை 10 அன்று அங்குள்ள ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 56.7 டிகிரிதான் இன்றுவரை உலக சாதனை. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக் காற்றை வரிசையாக நிற்கும் மலைத்தொடர்கள் தடுத்துவிடுகின்றன. ஆண்டு மழை இரண்டு அங்குலம் அளவுதான். கடல்மட்டத்துக்கும் கீழே இறங்கிய குறுகிய பள்ளத்தாக்கு என்பதால், சூடான காற்று வெளியேற வழியில்லாமல் அதற்குள்ளேயே சுற்றி மேலும் சூடாகிறது. அக்டோபர் இரண்டாம் பாதிக்கு வந்துவிட்டால் நிலைமை வேறு. பகலில் முப்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும், இரவு இதமாகிவிடும். பயணத்தை மாதத்தின் பின்பாதிக்குத் தள்ள முடிந்தால் தள்ளுங்கள்.

அங்கே முதல் காலையை மெஸ்கீட் மணல்மேடுகளுக்கு ஒதுக்கச் சொல்லுங்கள். இருட்டு பிரியும்போதே மணலில் இருக்க வேண்டும். இரவெல்லாம் அங்கே நடமாட்டம் இருந்திருக்கும், அத்தனையும் மணலில் பதிந்திருக்கும். இரண்டு பின்னங்கால்களால் தாவித் தாவிப் போன கங்காரு எலியின் தடம், நடுவே அதன் வால் இழுத்த மெல்லிய கோடு. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் சாய்வாகக் கிடக்கும் கோடுகள் சைட்வைண்டர் என்ற பாம்பு பக்கவாட்டில் ஊர்ந்து போனது. சில இடங்களில் எலியின் தடம் பாதியில் நின்றுபோய், பக்கத்தில் மணல் கலைந்திருக்கும். என்ன நடந்தது என்று நல்ல கைடு சொல்ல மாட்டார், குழந்தையிடம் கேட்பார். கங்காரு எலி வாழ்நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமலே இருக்கக் கூடியது. தின்னும் விதையிலிருந்தே தனக்கு வேண்டிய நீரை உடலுக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. காற்று எழுந்து, ஆட்கள் வரத் தொடங்கிவிட்டால் ஒன்பது, பத்து மணிக்குள் இந்தத் தடங்கள் எல்லாம் அழிந்துவிடும். அப்புறம் வருகிறவர்களுக்கு அது வெறும் மணல்மேடு.

கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புவெளிக்கு மாலையில் போங்கள். வட அமெரிக்காவில் அதைவிடத் தாழ்வான நிலம் கிடையாது. வண்டி நிறுத்தும் இடத்துக்கு எதிரே உள்ள மலைச்சரிவில் மிக உயரத்தில் கடல்மட்டம் என்று ஒரு பலகை பொருத்தியிருக்கிறார்கள். அண்ணாந்து அதைத் தேடிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறோம் என்று உறைக்கும். அருகிலேயே டெவில்ஸ் கோல்ஃப் கோர்ஸ் என்ற கரடுமுரடான உப்புக் காடு இருக்கிறது. உப்பு முனைகள் கத்திபோல் கூரானவை, பெரியவர்கள் உள்ளே நடக்க வேண்டாம். ஓரத்தில் எல்லோரும் பேசாமல் நில்லுங்கள். வெப்பம் ஏறி இறங்கும்போது உப்பு விரிந்து சுருங்கி, சன்னமாக டிக் டிக் என்று சத்தம் போடும். பஸ் எஞ்சினை ஓடவிட்டபடி பத்து நிமிடம் நிறுத்துகிற டூரில் இதைக் கேட்க வாய்ப்பே இல்லை.

அங்கிருந்து சயானுக்கு லாஸ் வேகஸ் வழியாக ஐந்து மணி நேரம் போல ஆகும். இந்தப் பயணத்தின் நீளமான நாள் இதுதான். வேறொருவர் ஓட்டுவதன் அருமை அன்று தெரியும்.

சயானில் நீங்கள் அண்ணாந்து பார்க்கும் சுவர்கள் எல்லாம் ஜுராசிக் காலத்து மணல்மேடுகள். நவாஹோ மணற்கல் என்று பெயர், சில இடங்களில் 2,000 அடி கனம். நீளமான மலைச் சுரங்கப்பாதையைத் தாண்டிக் கிழக்கே போனால் செக்கர்போர்டு மேசா என்ற பாறை வரும். அதன் முகத்தில் சாய்வான கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடும், ஒரு அடுக்கு ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்தது வேறு பக்கம். ஒவ்வொரு சாய்வும் அன்று காற்று எந்தத் திசையில் மணலைத் தள்ளியது என்பதன் பதிவு. இரண்டு நாளைக்கு முன் டெத் வேலியில் உங்கள் காலடியில் சரிந்த அதே மணல், இங்கே கல்லாகி நிற்பதைப் பார்க்கிறீர்கள். டெத் வேலியை முதலில் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். பூங்காக்களின் வரிசை ஏன் இப்படி என்று கேட்டால் டூர் கம்பெனிக்குச் சொல்லத் தெரிய வேண்டும்.

சயான் பள்ளத்தாக்கின் முக்கியச் சாலையில் வசந்தத்திலிருந்து நவம்பர் வரை சொந்த வண்டிகளுக்கு அனுமதி இல்லை, இலவச ஷட்டில் பஸ்தான். ஸ்பிரிங்டேலில் தங்கினால் காலை முதல் ஷட்டிலைப் பிடிக்கலாம். அப்பா, அம்மாவுக்கு ஷட்டிலின் கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ரிவர்சைடு வாக் போதும். போக வர 2.2 மைல், சமதளம், வெர்ஜின் ஆற்றை ஒட்டியே போகும். அது முடியும் இடத்தில் நேரோஸ் தொடங்குகிறது, அதாவது ஆற்றுக்குள்ளேயே இறங்கி இரண்டு சுவர்களுக்கு நடுவே நடப்பது. நீங்களும் மனைவியும் அரை நாள் அதில் போகலாம். ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற சங்கிலி பிடித்து ஏறும் முகட்டுக்கு 2022 ஏப்ரலிலிருந்து குலுக்கல் முறையில் அனுமதி வாங்க வேண்டும். குழந்தையோடு அது வேண்டாம்.

நேரோஸ் என்றதும் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கைடு வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு முக்கியமான காரணமே இதுதான். பாலைவனத்தில் மண்ணும் பாறையும் மழையைப் பெரிதாக உறிஞ்சுவதில்லை. பல மைல் தள்ளி எங்கோ பெய்த மழை அத்தனையும் ஓடி ஒரு குறுகிய பிளவுக்குள் வந்து சேரும். உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும். தெளிந்த தண்ணீர் திடீரெனக் கலங்கும், சுள்ளிகள் மிதந்து வரும், அப்புறம் சில நிமிடங்கள்தான். 2015 செப்டம்பரில் சயானின் கீஹோல் கேன்யனில் ஏழு பேர் கொண்ட ஒரு குழு முழுவதும் இப்படித்தான் இறந்தது. 1997 ஆகஸ்டில் அரிசோனாவின் ஆன்டிலோப் கேன்யனில் பதினோரு பேர். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை ஆபத்து அதிகம், அக்டோபரில் குறைவு, ஆனால் இல்லாமல் போவதில்லை. பணம் கட்டி வந்தவர்கள் முகம் சுளித்தாலும் "இன்றைக்கு உள்ளே போகப் போவதில்லை" என்று சொல்லக்கூடியவர்தான் கைடு. முன்பதிவுக்கு முன் கம்பெனியிடம் நேராகக் கேளுங்கள்: வானிலை காரணமாகத் திட்டத்தை மாற்றும் அதிகாரம் கைடுக்கு உண்டா, ஆபீஸைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா? ஆபீஸைக் கேட்க வேண்டும் என்றால் அந்தக் கம்பெனி வேண்டாம். பெரும்பாலான பிளவுகளுக்குள் செல்போன் சிக்னலே கிடைக்காது.

பிரைஸ் கேன்யனுக்கு ஒரு இரவு போதும், ஆனால் அந்த ஒரு இரவு கட்டாயம். எட்டாயிரம் அடிக்கு மேல் இருப்பதால் இது கண்டிப்பான பொருளில் பாலைவனமே இல்லை. அக்டோபர் இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். டெத் வேலியில் அரைக்கைச் சட்டையோடு திரிந்த அதே வாரத்தில் இங்கே ஸ்வெட்டர், ஜாக்கெட், காதை மூடும் தொப்பி எல்லாம் வேண்டும். ஊரிலிருந்து வருபவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இங்கே கூட்டமாக நிற்கும், ஹூடூ எனப்படும் கல்தூண்களைச் செதுக்கியதே இந்தக் குளிர்தான். ஆண்டின் ஏறத்தாழ பாதி நாட்களில் பகலில் உருகிய நீர் விரிசலுக்குள் இறங்கி இரவில் உறைகிறது. உறையும்போது கன அளவு ஒன்பது சதவீதம் போலக் கூடிப் பாறையைப் பிளக்கிறது. சன்ரைஸ் பாயிண்டிலிருந்து சன்செட் பாயிண்ட் வரை விளிம்பை ஒட்டி அரை மைல் பாதை, தளம் போட்டது, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. விடியற்காலையில் அப்பா, அம்மா அதில் மெதுவாக நடக்கட்டும். உயரத்தால் மூச்சு வாங்கும், பெஞ்சுகளில் உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம்.

கேபிடல் ரீஃபை நிறைய டூர்கள் சாப்பாட்டு நிறுத்தமாக வைத்துத் தாண்டிப் போய்விடுகின்றன. எனக்கு இது மனத்தாங்கல். ஏறத்தாழ 100 மைல் நீளத்துக்குப் பூமியின் மேலோடு மடிந்து எழுந்து நிற்பதை ஒரே பார்வையில் காட்டும் இடம் அது. நடுவே ஃப்ரூட்டா என்ற சிறு பள்ளத்தாக்கில் மார்மன் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் வைத்த பழத்தோட்டங்களைப் பூங்கா நிர்வாகமே இன்றும் பராமரிக்கிறது. பறிக்கத் திறந்திருக்கும் தோட்டத்துக்குள் நின்று எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம், எடுத்துப் போனால்தான் காசு. அங்கிருந்து சற்று தூரத்தில் ஃப்ரீமான்ட் என்ற பழங்குடி மக்கள் பாறைச் சுவரில் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன. மரப்பலகைப் பாதையில் நின்று பார்க்கலாம், யாருக்கும் சிரமம் இல்லை.

மோவாபில் மூன்று இரவு கேட்டதற்குக் காரணம் ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் இரண்டும் அங்கிருந்து பக்கம் என்பதுதான். ஆர்ச்சஸில் பதிவான கல் வளைவுகள் மட்டும் 2,000-க்கு மேல். அடியில் பழங்கடல் விட்டுப்போன கனமான உப்புப் படலம் இருக்கிறது. மேலே உள்ள பாறையின் பாரத்தில் உப்பு மெல்ல நகர, பாறை இணையான விரிசல்களாகப் பிளந்து மெல்லிய சுவர்களாயிற்று. அந்தச் சுவர்களில் விழுந்த ஓட்டைகள்தான் வளைவுகள். இன்னும் உதிர்ந்துகொண்டும் இருக்கின்றன. லேண்ட்ஸ்கேப் ஆர்ச்சிலிருந்து 1991-இல் ஒரு பெரிய துண்டு கழன்று விழுந்தது. 2008 ஆகஸ்டில் வால் ஆர்ச் ஒரே இரவில் முழுதாகச் சரிந்தது. புகழ்பெற்ற டெலிகேட் ஆர்ச்சுக்கு நடை போக வர 3 மைல், மொட்டைப் பாறையில் ஏற்றம், நிழல் சுத்தமாக இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே தூரத்திலிருந்து பார்க்க ஒரு தனி இடம் இருக்கிறது. கைடு ஒருவர்தான் என்றால் குழு பிரியும்போது பெரியவர்களோடு யார் இருப்பார் என்று முன்பே கேட்டுவிடுங்கள். பெரியவர்களுக்கு நெருக்கமாக ஒரு வளைவைக் காட்ட வேண்டுமானால் கேன்யன்லேண்ட்ஸின் மேசா ஆர்ச் இருக்கிறது. அரை மைலுக்குச் சற்று அதிகமான சுற்றுப்பாதை, சூரியன் உதிக்கும்போது வளைவின் அடிப்புறம் முழுக்க ஆரஞ்சாக எரியும்.

மோவாபில் உங்கள் மகளுக்குக் காட்டச் சொல்ல வேண்டிய ஒன்று தரையில் இருக்கிறது. பாதையோரத்தில் கறுப்பாக, மேடும் பள்ளமுமாக, கருகியது மாதிரி தெரியும் மண். அது உயிருள்ள மேலோடு. சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர்கள் பிசுபிசுப்பான இழைகளால் மணல் துகள்களைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கின்றன, கூடவே பாசியும் லைக்கனும். காற்று மண்ணை அள்ளிப் போகாமல் இருப்பதும், செடிகளுக்கு நைட்ரஜன் கிடைப்பதும் இதனால்தான். ஒரு முறை மிதித்தால் தேற பத்தாண்டுகள், பல இடங்களில் அதற்கும் மேல் ஆகும். நான் குழுவைப் பாதையின் விளிம்பில் மண்டியிட வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, பாட்டில் மூடியிலிருந்து ஓரிரு சொட்டுத் தண்ணீரைக் காய்ந்த பாசியின் மேல் விடுவேன். கறுத்துச் சுருண்டு கிடந்த இலைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிந்து பச்சையாகும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தது சில நொடிகளில் விழித்துக்கொள்கிறது. இதைப் பார்த்த குழந்தை அப்புறம் பாதையை விட்டு ஒரு அடி வெளியே வைக்காது, பெரியவர்களையும் வைக்கவிடாது.

"கிராண்ட் கேன்யன் எங்கே?" என்று வீட்டில் கேட்பார்கள். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. தென்விளிம்பு லாஸ் வேகஸிலிருந்து நாலரை மணி நேரம், நம் பாதையிலிருந்து முற்றிலும் விலகியது. சேர்த்தால் இரண்டு நாள் போகும், அந்த இரண்டு நாளையும் கேபிடல் ரீஃபிலிருந்தும் மோவாபிலிருந்தும்தான் பிடுங்க வேண்டும். ஆன்டிலோப் கேன்யனும் மானுமென்ட் வேலியும் அப்படித்தான். இவை இரண்டும் தேசியப் பூங்காக்கள் இல்லை, நவாஹோ மக்களின் நிலம். பூங்கா பாஸ் அங்கே செல்லாது, ஆன்டிலோப்புக்குள் அனுமதி பெற்ற நவாஹோ வழிகாட்டி இல்லாமல் நுழையவே முடியாது. இன்னொரு முறை இந்த மூன்றையும் சேர்த்துத் தனியாக வாருங்கள்.

டிசம்பர், ஜனவரியில்தான் விடுமுறை கிடைக்கும் என்றால் மேலே சொன்ன பாதையை மறந்துவிடுங்கள். யூட்டா பூங்காக்களில் பனி இருக்கும். அப்போது தெற்கே ஜோஷுவா ட்ரீ, சக்வாரோ, வைட் சாண்ட்ஸ் என்று கலிஃபோர்னியா, அரிசோனா, நியூ மெக்சிகோ வழியாகப் போவது இதம். சக்வாரோ கள்ளி முதல் கிளை விடவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும், கிளை விரித்து நிற்பது எதுவும் உங்கள் அப்பாவைவிட மூத்ததாக இருக்கக் கூடும். வைட் சாண்ட்ஸின் வெள்ளை மணல் முழுக்க ஜிப்சம்.

இனி கம்பெனியைச் சோதிக்கும் விஷயம். தேசியப் பூங்காவுக்குள் காசு வாங்கி ஆட்களை அழைத்துப் போக, பூங்கா நிர்வாகம் தரும் வணிக அனுமதி வேண்டும். எந்தெந்தப் பூங்காவுக்கு வைத்திருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். ஒழுங்கான கம்பெனி உடனே அனுப்பும். கைடுக்கு வனப்பகுதி முதலுதவிப் பயிற்சி உண்டா, வண்டியில் சாட்டிலைட் போன் அல்லது அதுபோன்ற கருவி இருக்கிறதா, குழுவில் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். பன்னிரண்டு, பதினான்கு பேருக்கு மேல் போனால் ஒரு கைடு எல்லோர் முகத்தையும் கவனிக்க முடியாது. முகத்தைக் கவனிப்பது முக்கியம், வெப்பத்தால் தளர்கிறவர் முதலில் வாயைத் திறந்து சொல்வதில்லை. பேச்சுக் குறையும், நடை பின்தங்கும், சிடுசிடுப்பு வரும். ஐந்து பேர் இருப்பதால் தனி வேன், தனி கைடு என்ன விலை என்றும் விசாரியுங்கள். ஐந்தால் வகுத்துப் பார்க்கும்போது பொது டூரோடு உள்ள வித்தியாசம் நினைத்த அளவு இருக்காது. டிப்ஸ் கொடுப்பது அங்கே வழக்கம், விலையில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஏறக்குறைய நான்கு லிட்டர். வறண்ட காற்றில் வியர்வை தோலில் தங்காமல் ஆவியாகிவிடுவதால் வியர்ப்பதே தெரியாது. தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். கூடவே உப்பான தின்பண்டம் ஏதாவது சாப்பிட வேண்டும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைசுற்றலும் வாந்தியும் வந்து, வெப்பத்தால் வந்த மயக்கம் என்று தவறாக எண்ணவைக்கும். அப்பா, அம்மா ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால், குறிப்பாகச் சிறுநீரைக் கூட்டும் வகை மாத்திரை என்றால், கிளம்பும் முன் அவர்களுடைய டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும், நிறுத்திய வண்டியின் சூட்டில் விட வேண்டாம்.

கட்டணத்தில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது, ஊரிலிருந்து வருபவர்களை அது நேராகப் பாதிக்கும். 2026 ஜனவரி முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கான ஆண்டு பாஸ் 250 டாலர், வசிப்பவர்களுக்குப் பழையபடி 80 டாலர். பாஸ் இல்லாமல் வரும் 16 வயதும் அதற்கு மேலும் ஆன வெளிநாட்டவர்களுக்குப் பதினோரு பெரிய பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் கூடுதல். நம் பாதையில் சயான், பிரைஸ் இரண்டும் அந்தப் பட்டியலில் உள்ளன. டூர் விலையில் இது அடங்குமா, அடங்கினால் யாருக்கு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வாசலில் போய் வாதாட வேண்டாம். ஆர்ச்சஸில் நேரம் குறித்து முன்பதிவு செய்யும் முறை சில ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அது ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, பூங்காவின் இணையதளத்தில் அந்த ஆண்டு விதியைப் பார்த்துவிடுங்கள்.

பட்ஜெட் ஒத்துவரவில்லை என்றால் நீங்களே ஓட்டுங்கள், சாலைகள் நன்றாகவே இருக்கும். ஆனால் தங்கும் ஊர்களை மாற்றாதீர்கள், டெத் வேலியில் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பி மண்பாதையில் திரும்பாதீர்கள், மோவாபில் ஒரு நாளுக்கும் சயான் நேரோஸுக்கும் உள்ளூர் கைடை அமர்த்திக்கொள்ளுங்கள். பல பூங்காக்களில் ரேஞ்சர்கள் (பூங்கா ஊழியர்கள்) நடத்தும் இலவச நடைகளும் இரவு வானக் காட்சிகளும் உண்டு, பலருக்கு அவை இருப்பதே தெரியாது. மகளுக்கு முதல் பூங்காவின் வரவேற்பு மையத்திலேயே ஜூனியர் ரேஞ்சர் புத்தகத்தை வாங்கிக் கொடுங்கள். பயிற்சிகளை முடித்துக் காட்டினால் ரேஞ்சர் உறுதிமொழி சொல்லவைத்து பேட்ஜ் தருவார். ஆறு பூங்காவிலும் ஆறு வேறு பேட்ஜ்.

எப்போது புக் செய்வது என்ற கடைசிக் கேள்விக்கு: பூங்காவுக்குள் உள்ள லாட்ஜ்கள், அதாவது ஃபர்னஸ் கிரீக், சயான், பிரைஸ் மூன்றிலும், அக்டோபர் அறைகள் ஓராண்டுக்கு முன்பே போகத் தொடங்கிவிடும். சிறு குழு டூர்களுக்கு ஆறு முதல் எட்டு மாதம் முன்னதாகப் பேசினால் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். அந்த லாட்ஜ்களில் அறை கிடைக்காவிட்டால் டெத் வேலிக்கு ஸ்டோவ்பைப் வெல்ஸ், சயானுக்கு ஸ்பிரிங்டேல், பிரைஸுக்குப் பூங்கா வாசலை ஒட்டிய ஹோட்டல்கள். இவற்றில் எதுவும் கிடைக்கவில்லை, ஒரு மணி நேரத் தொலைவில் தங்க வைக்கிறோம் என்று கம்பெனி சொன்னால் தேதியை மாற்றுங்கள்.